கோலி சோடாவிலிருந்து கொளத்தூர் மீன் தொட்டி வரை: குமிழையும் வாயுக் கரைதிறனையும் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில், தொட்டிக்குக் காற்று அடிக்கும் ஏர் மோட்டார் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "அண்ணா, இதுல குமிழ் நல்லா பெருசா வருமா?" என்பதுதான். பெரிய குமிழ் வந்தால் மீனுக்கு நிறைய காற்று கிடைக்கும் என்ற நினைப்பு. ஆனால் நம் கண்ணுக்குத் தெரிகிற குமிழ் என்பது தண்ணீரில் இன்னும் கரையாத வாயு. மீன் சுவாசிப்பதோ கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன ஆக்சிஜனை. குமிழைப் பார்த்ததும் "இந்த வாயு தண்ணீருக்குள் போகிறதா, தண்ணீரை விட்டு வெளியே வருகிறதா?" என்று கேட்கப் பழகிவிட்டால் பாதி விஷயம் தெளிவாகிவிடும். சோடா பொங்குவதும், ஐஸ் பாருக்கு (பெரிய பனிக்கட்டிப் பாளத்துக்கு) நடுவில் வெள்ளை படிவதும், கத்திரி வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறப்பதும் ஒரே கணக்குதான்.

இந்த வழிகாட்டியை வாசித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். இரண்டு கோலி சோடா, ஒரு எலுமிச்சம்பழம், உப்பு, இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரு பாத்திரம் இருந்தால் போதும். மீன் தொட்டி இருப்பவர்கள் ஒரு தெர்மாமீட்டரும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வாயு எவ்வளவு கரையும்?

எல்லா வாயுவும் தண்ணீரில் ஒரே அளவு கரைவதில்லை. 25 டிகிரி செல்சியஸில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், ஒரு லிட்டர் தண்ணீர் முக்கால் லிட்டருக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதே தண்ணீர் தூய ஆக்சிஜனை 30 மில்லி அளவுக்குத்தான் ஏற்கும். நைட்ரஜன் என்றால் அதிலும் பாதி. இந்த இடைவெளியை மனதில் வையுங்கள், கடைசிவரை இது கூடவே வரும்.

அழுத்தம் கூடினால் கரைவதும் கூடும். ஒரு வாயு தண்ணீரின் மேல் எவ்வளவு அழுத்தம் தருகிறதோ அதற்கு நேர் விகிதத்தில் அது கரையும் என்று 1803இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி சொன்னார். பாடப்புத்தகத்தில் ஹென்றி விதி என்று படித்தது இதைத்தான். இதில் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. மொத்தக் காற்றின் அழுத்தம் இங்கே கணக்கில்லை, அந்தந்த வாயுவின் பங்குதான் கணக்கு. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதனால் காற்று பட்ட தண்ணீரில் கரையும் ஆக்சிஜன், தூய ஆக்சிஜன் பட்டால் கரைவதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

சூடு ஏறினால் கரைவது குறையும். உப்பு சேர்ந்தாலும் குறையும்.

படி 2: அடுப்பில் வைத்துப் பாருங்கள்

ஒரு பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் பிடித்து, அடுப்பைச் சிம்மில் வைத்துச் சூடாக்குங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே, விரல் வைத்தால் சுடுகிற நிலையில், பாத்திரத்தின் அடியிலும் ஓரத்திலும் கடுகைவிடச் சிறிய குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். இவை நீராவி இல்லை. தண்ணீரில் கரைந்திருந்த காற்று, சூடு ஏறியதும் உள்ளே இருக்க முடியாமல் வெளியே வருகிறது. அப்படியே நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி போட்டு, கலக்காமல் ஆறவிட்டு, மறுபடி சூடாக்குங்கள். இந்த முறை அந்தச் சின்னக் குமிழ்கள் வெகு குறைவாகவே தோன்றும். காற்றுதான் முதலிலேயே போய்விட்டதே.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீரை அப்படியே மீன் தொட்டியில் ஊற்றக் கூடாது. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே இருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் போட்டுக் குழாயைத் திறந்ததும் சில நேரம் தண்ணீர் வெள்ளையாக வரும். உடனே மருந்து அதிகம் கலந்துவிட்டார்கள் என்று பயப்படுகிறோம். கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்று. குழாய்க்குள் அழுத்தத்தில் கரைந்திருந்தது, வெளியே வந்ததும் நுண்குமிழ்களாகப் பிரிகிறது. மேலிருந்து கீழ்நோக்கித் தெளிந்து, அடியில் ஏதாவது படிந்தால் அது வேறு பிரச்சினை, குடிக்காதீர்கள்.

படி 3: கோலி சோடாவை உடைத்துப் பாருங்கள்

கோலி சோடா பாட்டிலை வடிவமைத்து 1872இல் காப்புரிமை பெற்றவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். கழுத்துக்குள் ஒரு ரப்பர் வளையம், ஒரு கோலி. பாட்டிலுக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பரோடு அழுத்தி மூடிவைக்கிறது.

பழைய கை மெஷினில் சோடா போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டிலை இரும்புக் கூண்டில் பூட்டி, வாயுவை ஏற்றிவிட்டுச் சுற்றுவார்கள். சுற்றுவது எதற்கு? வாயு தண்ணீருக்குள் போக ஒரே வழி, இரண்டும் தொட்டுக்கொள்ளும் பரப்புதான். பாட்டில் சும்மா நின்றால் கழுத்துக்குள் இருக்கும் சிறு வட்டம் மட்டுமே தொடுபரப்பு. சுற்றினால் தண்ணீர் அலைமோதிப் பரப்பு பலமடங்காகிறது, வாயு சீக்கிரம் கரைகிறது. பிறகு பாட்டில் தலைகீழாக வரும்போது கோலி கழுத்துக்கு வந்து வளையத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எவ்வளவு கரையும் என்பதை அழுத்தமும் சூடும் தீர்மானிக்கின்றன. எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைப் பரப்பு தீர்மானிக்கிறது. மீன் தொட்டிக்கு வரும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதுதான் முக்கியம்.

இப்போது ஒரு சோடாவைப் பிரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள், இன்னொன்றை வெளியே நிழலில் வையுங்கள். பிரீசரில் வைக்காதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள், கண்ணாடி வெடிக்கலாம். இரண்டையும் ஒரு தட்டின் மேல் வைத்துக் கோலியைத் தட்டி இறக்குங்கள். வெளியே இருந்தது சீறிக்கொண்டு பொங்கும். குளிர்ந்தது ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கி, டம்ளரில் ஊற்றிய பிறகும் நெடுநேரம் பொடிப் பொடியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும்.

காரணம் இதுதான். வளிமண்டல அழுத்தத்தில், 5 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 2.8 கிராம் கார்பன் டை ஆக்சைடை வைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் 1.1 கிராம்தான். கோலி இறங்கிய நொடியில் பாட்டிலுக்குள் இருந்த அழுத்தம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீரால் தாங்க முடியாத அளவு முழுவதும் வெளியேறியாக வேண்டும். சூடான சோடாவில் அந்த உபரி மிக அதிகம். நாக்கில் சுருக்கென்று ஏறும் சோடா வேண்டுமானால் நன்றாகக் குளிரவைத்துக் குடிக்க வேண்டும் என்பதற்கு ருசி மட்டும் காரணமில்லை.

படி 4: லெமன் சால்ட் சோடா பொங்கி வழிவது ஏன்?

குமிழுக்குப் பிறக்க ஒரு இடம் வேண்டும். சோடாவில் எவ்வளவு வாயு உபரியாக இருந்தாலும், சுத்தமான தண்ணீருக்கு நடுவில் திடீரென்று குமிழ் தோன்றுவது மிகக் கடினம். டம்ளரில் ஒரே புள்ளியிலிருந்து குமிழ்கள் சரமாக ஏறுவதைக் கூர்ந்து பாருங்கள். அந்தப் புள்ளியில் ஒரு துணி நாரோ, தூசியோ, கீறலோ இருக்கும். அதற்குள் ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும் துளிக் காற்றுக்குள் வாயு நுழைகிறது. காற்றுத் துளி வளர்கிறது, ஒரு அளவு வந்ததும் பிய்த்துக்கொண்டு மேலே போகிறது, மீதி அங்கேயே நின்று அடுத்த குமிழை வளர்க்கிறது.

இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள ஒரு சோதனை. இரண்டு டம்ளரில் ஒரே அளவு குளிர்ந்த சோடா. ஒன்றில் அரை ஸ்பூன் உப்பை அப்படியே கொட்டுங்கள். மற்றதில் அதே அரை ஸ்பூன் உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அந்த உப்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் டம்ளர் பொங்கி வழியும், இரண்டாவது கொஞ்சமாகத்தான் நுரைக்கும். உப்பு கரைதிறனைக் குறைப்பது உண்மை, ஆனால் அந்தப் பொங்கலுக்கு முக்கியக் காரணம் அது இல்லை. உப்புக் கல்லின் சொரசொரப்பான பரப்பும், அதோடு ஒட்டி வந்த காற்றும் ஆயிரக்கணக்கான குமிழ்களுக்குப் பிறப்பிடமாகின்றன. உப்புக்குப் பதில் சர்க்கரையோ நன்றாகக் கழுவிக் காயவைத்த மணலோ போட்டாலும் பொங்கும்.

வீட்டில் லெமன் சால்ட் சோடா போடும்போது உப்பை எலுமிச்சைச் சாற்றிலேயே முழுக்கக் கரைத்துவிட்டு, டம்ளரைச் சாய்த்துப் பிடித்துச் சோடாவை ஓரமாக ஊற்றுங்கள். வாயு டம்ளருக்குள்ளேயே இருக்கும். பாதி வாயு மேசையில் வழிந்த பிறகு குடிப்பது வெறும் உப்புத் தண்ணீர்.

படி 5: குமிழின் ஆயுளைக் கணக்கிடுங்கள்

குமிழ் வளருமா, சுருங்குமா என்பது சுற்றியுள்ள தண்ணீரைப் பொறுத்தது. தண்ணீரில் அந்த வாயு தாங்கும் அளவுக்கு மேல் இருந்தால் குமிழுக்குள் வாயு ஏறும். அதனால்தான் சோடாக் குமிழ் மேலே போகப் போகப் பெருக்கிறது. தண்ணீரில் இடம் காலியாக இருந்தால் குமிழிலிருந்து வாயு தண்ணீருக்குள் இறங்கும், குமிழ் சுருங்கும்.

குமிழ் சிறியதாக ஆக ஆக இன்னொரு விசை வேலை செய்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை குமிழைச் சுற்றி நெருக்கும். ஒரு மில்லிமீட்டர் ஆரம் உள்ள குமிழுக்கு இந்த நெருக்கல் பொருட்டே இல்லை. நூறில் ஒரு மில்லிமீட்டர் ஆரம் என்றால், வளிமண்டல அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதலாக உள்ளே அழுத்தம் இருக்கும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் வளிமண்டல அழுத்தத்தைவிட அதிகமாகவே கூடும். அழுத்தம் கூடினால் கரைவது கூடும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் மிக நுண்ணிய குமிழ் தானாகவே கரைந்து காணாமல் போகும்.

நுரை நிற்பதும் இப்படித்தான். கார்பன் டை ஆக்சைடு நன்றாகக் கரைவதால், நுரையில் சின்னக் குமிழிலிருந்து மெல்லிய நீர்ப்படலம் வழியே பக்கத்துப் பெரிய குமிழுக்குச் சுலபமாகக் கடந்துவிடும். சின்னது மறையும், பெரியது பெருக்கும், நுரை சீக்கிரம் உடையும். நைட்ரஜன் கரைய மறுப்பதால் நைட்ரஜன் நுரை மெத்தென்று நெடுநேரம் நிற்கும். இப்போது காபிக் கடைகளில் வரும், நைட்ரஜன் ஏற்றிய நைட்ரோ காபியின் நுரை அதற்கு எடுத்துக்காட்டு.

பைட்டர் மீன் வளர்ப்பவர்கள் இதைத் தொட்டியிலேயே பார்க்கலாம். ஆண் மீன் மேலே வந்து காற்றை வாயில் எடுத்து, எச்சில் பூசிய குமிழ்களாகத் துப்பி, முட்டைகளுக்கு நுரைக் கூடு கட்டும். உள்ளே இருப்பது காற்று, அதாவது முக்கால் பங்குக்கு மேல் கரைய மறுக்கும் நைட்ரஜன். வெளியே வழவழப்பான பூச்சு. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கூடு நிற்கிறது. அழகான வேலை அது. ஏர் மோட்டாரை வேகமாக வைத்து அதைக் கலைத்துவிடாதீர்கள்.

படி 6: வெளியே போய் இரண்டு இடங்களைப் பாருங்கள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஏற்றும் ஐஸ் பாரைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஓரங்கள் தெளிவாக இருக்கும், நடுவில் வெள்ளைத் தண்டு ஓடும். தண்ணீரில் ஓரளவு கரையும் காற்று, பனிக்கட்டியில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. தகர அச்சின் சுவரிலிருந்து உள்நோக்கி உறைந்துகொண்டே வரும்போது, காற்று மீதித் தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது. கடைசியாக உறையும் நடுப்பகுதியில் தள்ள இடமில்லாமல் குமிழாகவே சிறைப்படுகிறது. அந்த வெள்ளை, நுண்குமிழ்களில் சிதறும் வெளிச்சம்.

இரண்டாவது இடம் பக்கிங்காம் கால்வாய். ஓடாமல் தேங்கி நிற்கும் கழிவுநீரில் அடியிலிருந்து கொப்புளம் கொப்புளமாக வரும். கசடில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு இரண்டையும் உண்டாக்குகின்றன. ஆனால் லிட்டருக்கு 22 மில்லிகிராம் அளவுக்குமேல் மீத்தேன் கரையாது, அதனால் அது குமிழாகிறது. கார்பன் டை ஆக்சைடு பெருமளவு தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. கூடவே உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு கார்பன் டை ஆக்சைடைவிடவும் அதிகமாகக் கரையும், தண்ணீருக்குள் ஒளிந்திருக்கும். கழிவுநீரைக் கலக்கினால், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்த கதையாக, அது மொத்தமாக வெளியேறும். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் சில நொடிகளில் மயங்கி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் தெருவில் யாரையாவது இறக்கினால் தடுத்து நிறுத்துங்கள். முந்தைய நிமிடம் வரை நாற்றமே இல்லையே என்று நம்பிவிடக் கூடாது.

படி 7: உங்கள் மீன் தொட்டியைச் சரிசெய்யுங்கள்

முதலில் தொட்டியின் சூட்டைப் பாருங்கள். காற்று பட்ட நல்ல தண்ணீரில் அதிகபட்சமாகக் கரையக்கூடிய ஆக்சிஜன், 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம். 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 6.9. வித்தியாசம் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் சூடு ஏறினால் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும், அழுகும் தீனியும் கழிவும் அதிகமாக உறிஞ்சும். வரவு குறையும்போதுதான் செலவு கூடுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போகவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் அந்த 6.9ஐத் தாண்ட முடியாது என்பதால், மே மாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை சூட்டைக் குறைப்பது. மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன பேன் ஓடவிட்டால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கும். குறையும் தண்ணீரை அவ்வப்போது நிரப்புங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள், திடீரென்று இறங்கும் குளிரை மீன் தாங்காது.

அடுத்து ஏர் ஸ்டோன், அதாவது ஏர் மோட்டார் டியூபின் முனையில் மாட்டும், காற்றைக் குமிழ்களாக உடைக்கும் நுண்துளைக் கல். 2 மில்லிமீட்டர் குமிழ், ஒரு அடி ஆழத்தை ஒன்றிரண்டு நொடியில் கடந்துவிடும். அதற்குள் அதிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அதே காற்றை 0.2 மில்லிமீட்டர் குமிழ்களாக உடைத்தால் ஒன்றுக்கு ஆயிரம் குமிழ் கிடைக்கும், தொடுபரப்பு பத்து மடங்காகும், மேலே வரவும் அதிக நேரம் எடுக்கும். ஆகவே பொடிக் குமிழ் தரும் ஸ்டோனைக் கேட்டு வாங்குங்கள். அடைத்துக்கொண்ட ஸ்டோனை மாற்றிவிடுங்கள். ஆனால் குமிழின் பெரிய உதவி வேறு: அது ஏறும்போது அடித்தண்ணீரை மேலே இழுத்து வருகிறது, பரப்பைக் கலக்குகிறது. ஆக்சிஜனில் பெரும்பகுதி அந்தப் பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது, மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடும் அங்கேதான் வெளியேறுகிறது. ஸ்டோனை அடியில் வையுங்கள். பில்டரின் வாய் தண்ணீர்ப் பரப்பைச் சலசலக்க வைக்கும்படி திருப்புங்கள். மேலே எண்ணெய்ப் படலம் படர்ந்திருந்தால் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

செடிகள் உள்ள தொட்டியில் பிற்பகலில் இலைகளில் முத்துமுத்தாகக் குமிழ் நிற்கும். செடி விடும் ஆக்சிஜன், தண்ணீர் தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இரவில் அதே செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குவதைச் சோதிக்க வேண்டிய நேரம் அதுதான். பைட்டர், கௌராமி இரண்டும் இயல்பாகவே மேலே வந்து காற்றை எடுக்கும், அதற்குக் கவலை வேண்டாம்.

கடையில் மீனைக் கட்டித் தரும் கவரைக் கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி சிலிண்டரிலிருந்து அடித்த ஆக்சிஜன், இறுக்கிய ரப்பர் பேண்ட். தூய ஆக்சிஜன் என்பதால் 30 டிகிரியிலும் லிட்டருக்கு 36 மில்லிகிராம் வரை கரைய இடம் உண்டு. ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ கொண்டுபோக அது தாராளம். வீட்டுக்கு வந்ததும் கவரைத் திறக்காமல் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். பல மணி நேரம் பயணித்த கவர் என்றால் திறந்த பிறகு தாமதிக்காதீர்கள். கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறியதும் தண்ணீரின் அமிலத்தன்மை குறையும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா மீனுக்கு விஷமாகும்.

போர் தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கும், ஒரு நாள் முழுக்க ஏர் மோட்டார் ஓட்டிவிட்டு ஊற்றுங்கள். இரண்டாவது, தண்ணீர் ஏற்றும் போர் மோட்டாரின் உறிஞ்சு குழாயில் கசிவு இருந்தால் காற்று உள்ளே போய் அழுத்தத்தில் அளவுக்கு மீறிக் கரையும். அந்தத் தண்ணீரை உடனே தொட்டியில் விட்டால் உபரி வாயு மீனின் ரத்தத்திலேயே குமிழாகப் பிரியும். துடுப்பு ஓரத்திலும் கண்ணிலும் குமிழ் தெரிந்தால் அதுதான். வாளியில் பிடித்து நன்றாக அடித்துக் கலக்கி, உபரியை வெளியேற்றிவிட்டு ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை.

கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: உப்பினால் ஆக்சிஜன் கரைவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும், 30 டிகிரியில் 6.2 மில்லிகிராம்தான். உப்புத் தண்ணீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேராமல் பொடியாகவே நிற்பது கொஞ்சம் ஈடுசெய்யும்.

படி 8: கரண்ட் போனால்

ஏர் மோட்டாரைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் செக் வால்வ் (ஒரு பக்கம் மட்டுமே போகவிடும் வால்வு) மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே மோட்டாருக்குள் இறங்கிவிடும். பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் ஒன்று கைவசம் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரை மொண்டு, அரை அடி உயரத்திலிருந்து பரப்பின் மேல் ஊற்றுங்கள். தீனி போடாதீர்கள். மூடியைத் திறந்தே வையுங்கள்.

வெளியே வைக்கும் கேனிஸ்டர் பில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் நேராக ஓடவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நாற்றமடித்த தண்ணீர் நிற்கும். அதைக் கொட்டி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி மாட்டிய பிறகு போடுங்கள். ஏர் மோட்டாரை மட்டும் உடனே போட்டுவிடலாம்.